எங்கே நிற்கிறது கர்சர்?

சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மயிலும் வேலும் மறைந்துபோகும். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகளே தெரியும். இந்த நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் விழுந்தவை. ஒரு நிறம் அரை மில்லிமீட்டர் விலகினால் போதும், முருகன் முகத்தில் இரண்டு உதட்டுக் கோடுகள் தோன்றிவிடும். 'ரிஜிஸ்டர் போய்விட்டது' என்று சொல்லி, அச்சகத்தார் அந்தத் தாளைக் கழித்துவிடுவார்கள்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி பெருகியபோது அதன்மேல் ஒட்ட வண்ண லேபிள்கள் வேண்டியிருந்தன. அந்தத் தேவையில் வளர்ந்ததே இவ்வூரின் அச்சுத்தொழில். லேபிள் சிறியது, ஆகவே பிழை பெரிதாகத் தெரியும். நிறங்களை இடம் தவறாமல் விழச்செய்யும் வித்தையை இவ்வூரார் அந்தச் சிறு சதுரங்களில்தான் பழகினார்கள்.

அந்த வித்தையின் உயிர்நாடி எளியது. தாளின் முன் விளிம்பும் ஒரு பக்க விளிம்பும் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் அதே இடத்தில் போய் முட்டவேண்டும். இரண்டாவது நிறத்தை இடும்போது முதல் நிறம் எங்கே முடிந்தது என்று எண்ணிக்கொண்டு போவதில்லை. எல்லா நிறங்களுக்கும் விளிம்புதான் கணக்கின் தொடக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறித் திரையைப் பற்றிய நம் கதையில் இது மீண்டும் வரும்.

அண்மையில் அவ்வூர் அச்சகம் ஒன்றின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊருக்கு எத்தனை நாட்காட்டி அனுப்பவேண்டும் என்ற பட்டியலைக் காட்டச் சிறு நிரல் ஒன்று எழுதியிருந்தார்கள். கறுப்புத் திரை, அதில் எழுத்துகள் மட்டும். இடப்புறம் ஊர்ப்பெயர் தமிழில், அதற்கு 30 இடம் ஒதுக்கீடு, பிறகு எண்ணிக்கை. ஆனால் எண்கள் நேர்கோட்டில் நிற்கவில்லை. சிவகாசிக்கு எதிரே எண் 17-ஆவது கட்டத்தில் தொடங்கியது. சாத்தூருக்கு 13-ஆவது கட்டத்தில். விருதுநகருக்கோ 10-ஆவது கட்டத்தில், அதாவது ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டே. கணக்குப் பார்க்கும் பெரியவர் சலித்துக்கொண்டார்: "பேரை எல்லாம் இங்கிலீஷ்லயே போட்டுருங்க சார், வம்பே இல்ல."

வம்பு எங்கே இருக்கிறது? அதைக் கண்டுபிடிக்கக் கர்சரின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

நகரும் வண்டி

திரையில் அடுத்த எழுத்து விழப்போகும் இடத்தில் கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும் ஒளிக்குறியே கர்சர். இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு 'ஓடுபவன்' என்பது பொருள். கணிப்பொறிக்கு முன்பே பொறியாளர்கள் இச்சொல்லை அறிவார்கள். நழுவுகோலின்மேல் முன்னும் பின்னும் தள்ளும், நடுவில் மயிரிழைக் கோடு கொண்ட கண்ணாடித் துண்டுக்கும் கர்சர் என்றே பெயர்.

தட்டச்சுப் பொறியில் கர்சர் என்று தனியாக ஒன்று கிடையாது. தாளைச் சுமக்கும் வண்டியே அந்த வேலையைச் செய்தது. ஒரு விசையை அழுத்தினால் எழுத்து விழும், வண்டி ஓர் எழுத்தளவு நகரும். ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழுக்கு? 'க்' என்று அடிக்கவேண்டுமானால் புள்ளி 'க'வின் தலைமேல் நிற்கவேண்டும். புள்ளியை அடித்ததும் வண்டி நகர்ந்துவிட்டால் இரண்டும் அருகருகே விழும். இதற்கு வழி, வண்டியை நகர்த்தாத விசை. முதலில் புள்ளி, வண்டி அசையாது. பிறகு 'க', அப்போதுதான் வண்டி நகரும். எழுதும்போது பின்னால் இடுகிற புள்ளியைத் தட்டச்சில் முன்னால் அடிக்கவேண்டும் என்று தட்டச்சுப் பயிலகங்களில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள். யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் பிறந்து மலேயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தபோது, ஒரு சில விசைகளுக்குள் தமிழ் எழுத்துகளை அடக்குவது மட்டும் அவர் முன் இருந்த சிக்கல் அன்று. எந்த விசைக்கு வண்டி நகரவேண்டும், எதற்கு நிற்கவேண்டும் என்பதும் சிக்கலே. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற ஆங்கிலக் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

கம்பி வழியே வந்த கட்டளை

தட்டச்சு வண்டியைக் கையால் தள்ளலாம். அடுத்த ஊரிலுள்ள வண்டியை எப்படித் தள்ளுவது? நியூசிலாந்தைச் சேர்ந்த டொனால்டு முர்ரே 1901-இல் தந்திக்கான தம் குறியீட்டை அமைத்தபோது, எழுத்துகளுக்கு மட்டுமன்றி இரண்டு செயல்களுக்கும் குறி ஒதுக்கினார். ஒன்று, வண்டியை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பு. மற்றொன்று, தாளை ஒரு வரி ஏற்று. இவை தாளில் எதையும் அச்சிடா. அச்சு விழும் இடத்தை மட்டும் மாற்றும். தொலைவிலிருந்து இடத்தை ஆளும் கலை இங்கே தொடங்குகிறது எனலாம்.

நம் நாட்டுத் தந்தி அலுவலகங்களில் இந்தக் குறிகள் இராப்பகலாக ஓடின. சென்னை கிண்டியில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம் இத்தாலியின் ஒலிவெட்டியுடன் கூட்டுறவு கொண்டு இப்பொறிகளைச் செய்தது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே முடிந்தது. ஆனால் அந்த இரு குறிகள் இன்றும் ஒவ்வொரு கணிப்பொறிக்குள்ளும் உயிரோடு இருக்கின்றன. அமெரிக்காவில் 1963-இல் வகுத்த ஆஸ்கி குறியீட்டில் வரி ஏற்றத்துக்கு 10, வண்டி திருப்பத்துக்கு 13, ஓர் எழுத்துப் பின்னே வருவதற்கு 8 என எண்கள் கிடைத்தன.

அதே ஆண்டு வெளிவந்த டெலிடைப் 33 பொறி விநாடிக்கு 10 எழுத்துகள் அச்சிடும். வரியின் கோடியிலிருந்து அச்சுத்தலை திரும்பிவர விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதாது. ஆகவே முதலில் திருப்பக் குறி, அடுத்து ஏற்றக் குறி என்று அனுப்பினார்கள். தாள் ஏறுகிற நேரத்துக்குள் தலையும் வந்து சேர்ந்துவிடும். ஓர் இரும்புத்தலையின் சோம்பலுக்காகச் செய்த இந்த ஏற்பாடு விண்டோஸ் கோப்புகளில் வரிக்கு வரி இன்னும் இரு குறிகளாகவே நிற்கிறது. யூனிக்ஸ்காரர்கள் ஒன்றைக் கைவிட்டார்கள். இரு சாரார் கோப்புகளும் சந்திக்கும் இடங்களில் மாணவர்கள் படும் பாட்டை நான் விவரிக்கவேண்டியதில்லை.

வண்டி திருப்பக் குறியை மட்டும் அனுப்பி, வரியை ஏற்றாமல் விட்டால்? அதே வரியின்மேலேயே அடுத்ததும் எழுதப்படும். தாளில் அது மசி அப்பலாகும். திரையில் பழையது அழிந்து புதியது நிற்கும். பெரிய கோப்பு ஒன்றை இறக்கும்போது '10 சதவீதம்', '11 சதவீதம்' என்று ஒரே இடத்தில் எண் மாறுகிறதல்லவா? அதன் சூத்திரம் முர்ரே வழி வந்த இந்தக் குறிதான்.

கண்ணாடித் திரையில் கட்டம் போட்டார்கள்

தாள் போய்த் திரை வந்ததும் புதிய ஆசை பிறந்தது. மேலே போக முடியுமா? நினைத்த இடத்தில் எழுத முடியுமா? டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1970-இல் வெளியிட்ட விடி-05 முனையத்தில் 20 வரிகள், வரிக்கு 72 கட்டங்கள். கர்சரை வேண்டிய கட்டத்துக்கு அனுப்ப முடிந்தது. 1975-இல் வந்த விடி-52 திரையில் 24 வரிகள், 80 கட்டங்கள். இந்த 80 ஐபிஎம் துளை அட்டையின் 80 பத்திகளை நினைவூட்டும் எண்.

விடி-52-க்கு இடம் சொல்லும் முறை விநோதமானது. முதலில் 'எஸ்கேப்' என்ற குறி, அதன் எண் 27. 'இனி வருவது எழுத்தன்று, கட்டளை' என்பது அதன் பொருள். அடுத்து 'ஒய்' எழுத்து. பிறகு வரியெண்ணுக்கு ஓர் எழுத்து, பத்தியெண்ணுக்கு ஓர் எழுத்து. 32-க்குக் கீழுள்ள எண்கள் எல்லாம் கட்டுப்பாட்டுக் குறிகள் என்பதால், இடத்தின் எண்ணோடு 32 கூட்டி அந்த எண்ணுக்குரிய எழுத்தை அனுப்பவேண்டும். லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ முனையம் 1976-இல் வந்தது. அதிலும் 32 கூட்டும் வழக்கமே; ஆனால் 'ஒய்'க்குப் பதில் சமக்குறி. இந்த முனையத்தில் அம்புக்குறிகளை எச், ஜே, கே, எல் விசைகளின்மேலேயே வரைந்திருந்தார்கள். பெர்க்லியில் பில் ஜாய் தம் 'விஐ' தொகுப்பானை இதன் முன்னமர்ந்து எழுதினார். அம்புக்குறி விசைகள் தனியே வந்து நெடுங்காலம் ஆன பின்பும் இன்றைய மாணவர் அதே நான்கு எழுத்துகளால் கர்சரை நகர்த்துவது அதனால்தான்.

நிறுவனத்துக்கு ஒரு மொழி என்றானபோது, ஒரு முனையத்துக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் கண்டபடி கிறுக்கியது. இரண்டு வழிகளில் தீர்வு வந்தது. ஒன்று பொது மொழி. 1976-இல் ஐரோப்பிய எக்மா-48 தரமும், 1979-இல் அமெரிக்க அன்சி தரமும் வகுக்கப்பட்டன. 1978-இல் வெளியான விடி-100 அம்மொழியைப் பேசியது. எஸ்கேப், சதுர அடைப்பு, 5, அரைப்புள்ளி, 10, 'எச்' என்று அனுப்பினால் கர்சர் 5-ஆவது வரியின் 10-ஆவது கட்டத்தில் போய் நிற்கும். 32 கூட்டும் தொல்லை இல்லை, சாதாரண எண்களே. (அதே 1978-இல்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. 'ணா', 'லை' போன்றவற்றின் தனி வடிவங்கள் போயின. பொறிகளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்தது.)

மற்றொன்று அகராதி. எந்த முனையத்துக்கு எந்தக் கட்டளை என்று ஒரு கோப்பில் தொகுத்துவிட்டால், நிரல் அதைப் பார்த்துப் பேசிக்கொள்ளும். பில் ஜாயின் 'டெர்ம்கேப்' 1978-இல் பிறந்தது. அதன்மேல் கென் அர்னால்டு 'கர்சஸ்' என்னும் நிரல் தொகுதியைக் கட்டினார். இன்று யூனிக்ஸ், லினக்ஸ் கட்டளை நிரல்களில் 'டிபுட்' என்ற கட்டளை அகராதியைப் பார்த்தே இடம் சொல்கிறது.

கர்சஸ் செய்த இன்னொரு காரியம் சிக்கனம். விநாடிக்கு 30 எழுத்துகள் மட்டும் செல்லும் தொலைபேசிக் கம்பியில், 1,920 கட்டங்களையும் மீண்டும் வரைய 64 விநாடிகள் ஆகும். ஆகவே மாறிய கட்டங்களை மட்டும் வரையவேண்டும். அங்கே போவதற்கும் மலிவான வழியே தேடவேண்டும். ஒரு கட்டம் பின்னே செல்ல, பின்னேறும் குறி ஒன்று போதும். முழு முகவரியும் சொன்னால் எட்டு எழுத்துகள் வரை செலவாகும். 'நான் இப்போது இங்கே நிற்கிறேன், அதிலிருந்து இத்தனை தள்ளி' என்று கணக்கிடுவதே சிக்கனம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிரல் நினைக்கும் இடமும் முனையம் நிற்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் அது எப்போதும் ஒன்றே.

நம் ஊர்க் கணிப்பொறிப் பயிற்சி நிலையங்களில் 1980-களிலும் 90-களிலும் படித்தவர்கள் இதை வேறு பெயரில் அறிவார்கள். பேசிக் மொழியில் 'லொக்கேட் 5,10'. டிபேஸில் 'அட் 5,10 சே'. டர்போ சி-யில் 'கோடு எக்ஸ்ஒய்'. அதில் மட்டும் பத்தி முன்னே, வரி பின்னே. தேர்வில் இதனாலேயே மதிப்பெண் இழந்தவர்கள் பலர்.

தமிழ் எத்தனை கட்டம்?

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். 'சிவகாசி' எத்தனை எழுத்து? தமிழாசிரியர் நான்கு என்பார். யூனிகோடு முறையில் ச, இகர விசிறி, வ, க, கால், ச, இகர விசிறி என ஏழு குறிகள். பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள், ஆக 21. அச்சக நிரல் 30 இடம் ஒதுக்கியபோது எழுத்துகளையோ கட்டங்களையோ எண்ணவில்லை, பைட்டுகளை எண்ணியது. 21 போக 9 வெற்றிடம் விட்டது. 'விருதுநகர்' 10 குறிகள், சரியாக 30 பைட்டுகள்; வெற்றிடமே மிஞ்சவில்லை.

சரி, குறிகளை எண்ணினால்? அதுவும் பொருந்தாது. எந்தக் குறிக்குத் திரையில் எத்தனை கட்டம் என்பதற்குப் பரவலாகப் பின்பற்றும் விதி ஒன்று உண்டு. அதன் புகழ்பெற்ற வடிவத்தை எழுதியவர் மார்க்கஸ் குன். சீன எழுத்துக்கு இரண்டு கட்டம். சாதாரண எழுத்துக்கு ஒன்று. யூனிகோடு அட்டவணையில் 'இடம் பிடிக்காதது' என்று குறித்தவற்றுக்குச் சுழியம். தமிழில் புள்ளி இடம் பிடிக்காது. ஈகார விசிறியும் பிடிக்காது. ஆனால் இகர விசிறி இடம் பிடிக்கும் என்கிறது அட்டவணை! ஆக, இவ்விதிப்படி 'கீ'க்கு ஒரு கட்டம், 'கி'க்கு இரண்டு. 'கு'வுக்கும் இரண்டு. நெடிலைவிடக் குறில் அகலம் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. இந்தக் கணக்கில் 'சிவகாசி' ஏழு கட்டம், 'சாத்தூர்' ஆறு, 'விருதுநகர்' ஒன்பது. எல்லா முனைய நிரல்களும் இதையே பின்பற்றினாலும் பரவாயில்லை; சில வேறு கணக்குப் போடுகின்றன.

இந்தியர்கள் இச்சிக்கலைக் காணாமல் இல்லை. கான்பூர் ஐஐடி-யில் தொடங்கி, 1988-இல் அமைந்த புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த 'ஜிஸ்ட்' நுட்பம், கணிப்பொறிக்குள் செருகும் அட்டையாக வந்தது. டிபேஸ் போன்ற ஆங்கில நிரல்களை மாற்றாமலே அவற்றின் எழுத்துத் திரையில் இந்திய மொழிகளைக் காட்டியது. அதனோடு வளர்ந்த இஸ்கி குறியீடு 1991-இல் இந்தியத் தரமாயிற்று. யூனிகோடின் தமிழ்ப் பகுதிக்கு அதுவே மூலம். படங்களால் ஆன திரைகள் வந்ததும் எழுத்துத் திரைக்கான அக்கறை குறைந்தது. ஓர் எழுத்துக்கு ஒரே குறி தரும் டேஸ்-16 குறியீட்டையும் தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. எழுத்தை எண்ண அது உதவும். ஆனால் 'ஔ' எத்தனை கட்டம் அகலம், 'ர' எத்தனை என்பதற்குக் குறியீடு விடை சொல்லாது.

கர்சர் நுட்பத்தின் பழைய சாமான்களில் ஒன்றுதான் இங்கே கைகொடுக்கிறது. முனையத்தையே கேட்கலாம். எஸ்கேப், சதுர அடைப்பு, 6, சிறிய 'என்' என்று அனுப்பினால், தன் கர்சர் எந்த வரி, எந்தப் பத்தியில் நிற்கிறது என்று முனையம் பதில் அனுப்பும், நாமே விசைப்பலகையில் தட்டியதுபோல. அச்சகத்தில் முதல் கட்டத்திலிருந்து 'சிவகாசி' என்று எழுதிவிட்டுக் கேட்டேன். 8 என்றது. ஏழு கட்டம் கடந்திருக்கிறது. அந்த முனையம் விதிப்படிதான் எண்ணுகிறது.

இருந்தாலும் ஒவ்வொரு பெயருக்கும் கேட்டுக்கொண்டிருப்பானேன்? பக்கத்து அறையில் தாள்கள் விளிம்பில் முட்டி முட்டி இயந்திரத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. பெயர் எங்கே முடிந்தால் என்ன? எண்ணிக்கைக்கு இடம் திரையின் இடது விளிம்பிலிருந்து 20-ஆவது கட்டம். வெற்றிடங்களை எண்ணி நிரப்பும் வரியை நிரலிலிருந்து நீக்கினோம். பெயரை எழுதியதும் எஸ்கேப், சதுர அடைப்பு, 20, 'ஜி' என்று அனுப்பினோம். 'இதே வரியில் 20-ஆவது பத்திக்குப் போ' என்பது அதன் பொருள். நிரல் தமிழ் எழுத்தின் அகலத்தை அறியவே வேண்டாம். பெயர் 19 கட்டங்களுக்குள் அடங்கினால் போதும்.

எண்கள் தூண்போல நின்றன. பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். "ஸ்ரீவில்லிபுத்தூர் போட்டுப் பாருங்க" என்றார்.

18 குறிகள், 54 பைட்டுகள், விதிப்படி 13 கட்டங்கள். போட்டோம். எண்ணிக்கை 20-ஆவது கட்டத்தில் நின்றது.